ஜப்பான் ப்ராக் ராக் கேட்கிறவர்கள் வாருங்கள்: எந்த ஆல்பத்தில் மாட்டிக்கொண்டீர்கள்?

நள்ளிரவு ஹெட்போன்:
ரொம்ப நாளாக இப்படி ஓர் இழை தொடங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிங்க் ஃபிளாய்ட், யெஸ், ஜெனசிஸ் என்று நீண்ட, சிக்கலான ப்ரோக்ரெசிவ் ராக் வாசித்த இங்கிலாந்துக் குழுக்கள் பற்றியெல்லாம் இங்கே பக்கம் பக்கமாகப் பேசியாகிவிட்டது, ஜப்பான் பக்கம் மட்டும் யாரும் வரவே இல்லை. எனக்கு என்னவோ கடந்த 2 வருடமாக வேறு எதுவும் காதில் ஏற மாட்டேன் என்கிறது.

என்னைப் பிடித்தது யோனின்பயாஷியின் "இஷ்ஷோகு சொக்குஹட்சு", 1974. தொட்டால் வெடிக்கும் நிலைமை என்பது போலப் பொருள். இசைக்குழுவின் பெயரும் அழகு: "ஹயாஷி" என்றால் அவர்கள் ஊர்த் திருவிழாக்களில் புல்லாங்குழலும் பறையும் வைத்து வாசிக்கிற மேளக் குழு, "யோனின்" என்றால் நான்கு பேர். ஆக, நான்கு பேர் மேளம். அந்த ஆல்பத்தில் 11 நிமிடத்துக்கு ஒரு பாட்டு, சுருக்கமாக "ஒமட்சுரி", திருவிழா. முழுத் தலைப்பைத் தமிழில் சொன்னால் "திருவிழா (திருவிழா நடக்கிற ஊருக்குப் போனதும் அழுகை வந்தே விட்டது)" என்று வரும். ஒரு ராக் பாட்டுக்கு இப்படி ஒரு தலைப்பு! வார்த்தை ஒன்றும் புரியாமல் இரவு 1 மணிக்குக் கேட்டேன். மெதுவாகத் தொடங்குகிறது, மொரிசோனோவின் கிட்டார் கூட அடக்கித்தான் பேசுகிறது, அப்புறம் நடுவில் நால்வரும் ஓடத் தொடங்குகிறார்கள், ஒரு கட்டத்தில் அந்தக் கூட்டத்துக்குள்ளே நாம் தனியாக நிற்பது போலவே இருக்கும். தலைப்பின் அர்த்தம் மறுநாள்தான் தெரிந்தது. தெரிந்ததும் திரும்பப் போட்டுக் கேட்டேன், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

உங்களுக்கு எது?

இசைத்தட்டுப் பெட்டி:
வணக்கம் தம்பி. நல்ல இழை. எனக்கு ஷிங்கெட்சு குழு. 1979-இல், அந்தக் காலத்தில் அவர்கள் போட்ட ஒரே ஆல்பம். பெயருக்குப் புதுநிலவு, அதாவது அமாவாசை நிலவு என்று பொருள். முதல் பாட்டு "ஒனி", அதாவது கொம்பு முளைத்த அரக்கன். பாடகர் மகோட்டோ கிடயாமா மேடையில் ஒப்பனை, உடை எல்லாம் போட்டு நடித்துக்கொண்டே பாடுவார், ஜெனசிஸில் பீட்டர் கேப்ரியல் செய்தது போல.

அந்தப் பாட்டில் மெலோட்ரான் உள்ளே வரும் இடத்தை மட்டும் தனியாகக் கேட்டுப் பாருங்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மெலோட்ரான் என்பது கீபோர்டு மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு ஒலிநாடா ஓடும், அதில் நிஜமான வயலின் கூட்டமோ புல்லாங்குழலோ பதிவாகி இருக்கும். கட்டையை அழுத்தினால் சுமார் 8 விநாடிதான் ஒலிக்கும், அதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாடா தீர்ந்து சத்தம் அறுந்துவிடும். நாடா கொஞ்சம் ஆடி ஆடித்தான் போகும். அந்த ஆட்டம்தான் அந்த ஒலியின் உயிர், மூச்சு வாங்குகிற வயலின் போல. எத்தனையோ மென்பொருள் வந்துவிட்டது, எனக்கு இன்னும் அந்த நாடா ஆட்டம்தான் வேண்டும்.

கிடயாமாவின் குரல் பெரிய குரல் இல்லை. கத்த மாட்டார். ஜப்பானிய மொழியில் ஒவ்வோர் எழுத்தும் அநேகமாக உயிரில் முடிவதால் வரிகள் ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டே போகின்றன. ஆங்கிலத்தில் இதே மெட்டைப் பாடியிருந்தால் இந்த அமைதி வந்திருக்காது என்பது என் கருத்து.

கேள்விக்குறி77:
மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். ப்ராக் ராக் எனக்கும் உயிர், ஆனால் ஜப்பான் குழுக்களில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. ஷிங்கெட்சு கேட்டால் ஜெனசிஸ் தெரிகிறது, பி கியோ ரான் கேட்டால் கிங் கிரிம்சன் தெரிகிறது, ஐன் சோஃப் கேட்டால் ஜாஸ் கலந்து வாசித்த இங்கிலாந்தின் கேன்டர்பரி ஆட்கள் தெரிகிறார்கள். வாசிப்பில் குறையே சொல்ல முடியாது, எல்லோரும் அபாரமாக வாசிக்கிறார்கள். ஆனால் அசல் கையில் இருக்கும்போது நான் ஏன் இதைக் கேட்க வேண்டும்? சண்டைக்கு வரவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

நள்ளிரவு ஹெட்போன்:
நல்ல கேள்வி நண்பா. இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில், தாக்கம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 1971 ஆகஸ்ட் 6, 7 தேதிகளில் பிங்க் ஃபிளாய்ட் ஹகோனே மலையில், ஆஷி ஏரிக்கரையில், "ஹகோனே அஃப்ரோடிட்டி" என்ற திறந்தவெளி விழாவில் வாசித்தார்கள். மலைமேல் மூடுபனி இறங்கி வந்ததை அங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். "ஆட்டம் ஹார்ட் மதர்" ஆல்பத்துக்கு ஜப்பானில் வைத்த பெயர் தெரியுமா? "கென்ஷி ஷின்போ". அணு, இதயம், தாய், மூன்றையும் அப்படியே "கான்ஜி" என்கிற சீன வழி எழுத்துகளில் போட்டுவிட்டார்கள். படித்தால் ஏதோ பழைய பௌத்த நூலின் பெயர் போலத் தோன்றும். ஒரு தலைமுறை அந்த எழுத்துகளைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தது. யோனின்பயாஷி பையன்களே தொடக்கத்தில் பிங்க் ஃபிளாய்டின் "எக்கோஸ்" பாட்டை அப்படியே வாசித்துக் காட்டுவதற்குப் பெயர் போனவர்கள்.

ஆனால் வாசித்துக் காட்டியதோடு நின்றார்களா? ஃபார் ஈஸ்ட் ஃபேமிலி பேண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1976-இல் வந்த "பேரலல் வேர்ல்ட்" ஆல்பத்தைப் பதிவு செய்ய இங்கிலாந்தில் மேனர் ஸ்டுடியோவுக்கே போனார்கள், தயாரிப்பாளர் ஜெர்மனியின் மின்னணு இசைக்காரர் கிளாஸ் ஷூல்ட்சே. அங்கே கீபோர்டு வாசித்த இளைஞர்களில் ஒருவர்தான் பிற்பாடு கிடாரோ. 1980-இல் ஜப்பான் தொலைக்காட்சியில் வந்த "பட்டுப்பாதை" ஆவணத் தொடருக்கு இசையமைத்த அதே கிடாரோ. கற்றுக்கொள்ளப் போனவர் கடைசியில் யாருடைய இசை மாதிரியும் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

பி கியோ ரான் பற்றி: ஆமாம், ஷிசுவோக்காவில் கிரிம்சன் பாட்டுகளை வாசித்துத்தான் தொடங்கினார்கள். முதல் ஆல்பம் 1982, அதில் நீங்கள் சொல்வது சரி. 1983-இல் வந்த "பேரலக்ஸ்" கேட்டீர்களா? அதில் "ரான்" என்று ஒரு நீண்ட தொகுப்பு இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம்.

மிஸ்ரசாபு:
நான் மிருதங்கம் கற்றவன், ராக் பக்கம் தாமதமாகத்தான் வந்தேன். வந்தது ரூயின்ஸ் வழியாக. 1985-இல் தட்சுயா யொஷிதா தொடங்கியது. டிரம்ஸ், பேஸ் கிட்டார், இரண்டே ஆள். கிட்டார் இல்லை, கீபோர்டு இல்லை. எண்ணிக்கையைப் பிடித்துவிட்டோம் என்று நிமிர்ந்து உட்காருவதற்குள் மாற்றிவிடுகிறார்கள். நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்பேன், முதல் 10 தடவை தோற்றுத்தான் போனேன். 11-ஆவது தடவை ஒரு பாட்டில் சமத்தில் போய்ச் சேர்ந்தபோது வந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

அவருடைய இன்னொரு குழு கொஎன்ஜி ஹியக்கேய். டோக்கியோவில் கொஎன்ஜி என்ற பகுதியின் நூறு காட்சிகள் என்று பெயர். இதில் பாடுகிற மொழியே கிடையாது, யொஷிதா தானாக உண்டாக்கிய அசைகள். பிரான்சின் மாக்மா குழுவிடம் எடுத்த வழி அது, அதை அவர்களே மறைப்பதில்லை. ஆனால் 2005-இல் வந்த "ஆங்கெர் ஷிஸ்பா" கேளுங்கள், பெண் குரல் அந்த அசைகளை டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டே வேகமாகச் சொல்லிக்கொண்டு போகும். அவர்களுக்கும் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, தெரியும், ஆனால் மிருதங்கச் சொற்கட்டு சொல்லிப் பழகிய நாக்கு சும்மா இருக்குமா? நான் கூடவே சொல்லிப் பார்த்தேன். உதடு வலித்தது.

கேள்விக்குறி77 அண்ணா, இதை யாருடைய நகல் என்று சொல்வீர்கள்? மாக்மா மெதுவாக மலை ஏறுவார்கள். இவர்கள் மலையை உருட்டி விடுகிறார்கள்.

இசைத்தட்டுப் பெட்டி:
தம்பி மிஸ்ரசாபு, யொஷிதாவின் ரெக்கார்டு கம்பெனிக்குப் பெயர் "மகாய்புட்சு". பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகளுக்கு ஜப்பானில் சொல்லும் பெயர் அது. மனிதர் கல்லைப் படம் பிடிப்பதில் பைத்தியம், ஊர் ஊராகப் போய்ப் பாறைகளைப் படம் எடுப்பார். அவர் டிரம்ஸில் இருக்கும் அந்தக் கல் உறுதி அங்கிருந்து வந்ததோ என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

மேற்கு ஜன்னல்:
நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன், 6 வருடம் ஆகிறது. கொஎன்ஜி என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மஞ்சள் கோடு போட்ட உள்ளூர் ரயிலில் கொஎன்ஜியில் ஏறினால் நான்காவது நிறுத்தம் கிச்சிஜோஜி. அங்கே "சில்வர் எலிஃபன்ட்" என்று ஒரு சிறிய இசைக்கூடம், 1970-களின் கடைசியிலிருந்து இருக்கிறது, ப்ராக் குழுக்களுக்குக் கோயில் மாதிரி. இங்கே இந்த இசையை "புரோகுரே" என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து நேராகப் போனேன். எனக்குப் பக்கத்தில் டை கட்டிய ஒரு பெரியவர், மடியில் பெட்டி. வாசிப்பு தொடங்கியதும் டையைத் தளர்த்தி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் அசையவே இல்லை. பாட்டு முடிந்து கடைசி ஒலி அடங்கும் வரை ஒருவரும் கை தட்டவில்லை. அடங்கிய பிறகுதான் தட்டினார்கள். அந்த இரண்டு விநாடி அமைதிக்காகவே மறுபடி மறுபடி போகிறேன்.

ஷிஞ்சுக்குவில் ஒரு பெரிய ரெக்கார்டு கடைக்காரர்கள் ப்ராக் ராக்குக்கென்றே தனிக் கிளை வைத்திருந்ததும் இந்த ஊரில்தான். இத்தாலிய ப்ராக் தட்டுகள் பல சொந்த ஊரிலேயே கிடைக்காமல் போன காலத்தில் கிங் ரெக்கார்ட்ஸ் அவற்றை இங்கே மறுபதிப்பு போட்டது. உலகம் மறந்ததை இவர்கள் தூக்கி வைத்துக் காப்பாற்றினார்கள். ஆகவே "நகல்" என்ற பேச்சு எனக்கு உறுத்துகிறது. இவ்வளவு ஆழமாகக் கேட்டவர்கள் வாசிக்கும்போது கேட்டது கொஞ்சம் தெரியத்தானே செய்யும்?

அப்புறம் ஒருவர் கூட இன்னும் கென்சோ பெயரைச் சொல்லவில்லையே? கனகாவா மாகாணத்தின் சகமிஹாரா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1974-இல் தொடங்கியது, பள்ளியின் பெயரைச் சுருக்கித்தான் "கென்சோ". கிட்டார் வாசிக்கும் யொஷிஹிசா ஷிமிசு தொழிலில் பல் மருத்துவர். பகலில் பல் பார்ப்பது, மற்ற நேரத்தில் இசை எழுதுவது. 1991-இல் "யுமே நோ ஒகா", கனவுக் குன்று என்று பொருள், அதற்கு அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் 1999-இல்தான். 2005-இல் அமெரிக்காவில் நியர்ஃபெஸ்ட் என்ற ப்ராக் விழா மேடை ஏறினார்கள். பிழைப்புக்காக வாசிக்காததால் யாருக்காகவும் ஒரு சுரத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. கீபோர்டு இரண்டு பேர், கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவு நெருக்கமாகப் பின்னிய இசை, ஆனாலும் எங்கேயும் மூச்சு முட்டாது.

பிக்சல் வேட்டை:
அண்ணா அக்கா எல்லோருக்கும் வணக்கம், நான் வயதில் சின்னவன், இந்த இசைக்கு வீடியோ கேம் வழியாக வந்தேன். "டார்க் சோல்ஸ்" இசையமைப்பாளர் மொட்டோய் சகுராபா பெயரைத் தேடிப் போனால் 1988-இல் "டேஜா வூ" என்ற குழுவில் "பரோக் இன் த ஃப்யூச்சர்" என்று ஓர் ஆல்பம் போட்டிருக்கிறார். கீபோர்டு, பேஸ், டிரம்ஸ், மூன்றே பேர். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் 14 வயதில் "ஸ்டார் ஓஷன்" சண்டைக் காட்சிகளில் கேட்ட அந்த ஹாமண்ட் ஆர்கன் ஓட்டம் அத்தனையும் அங்கே இருக்கிறது! ப்ராக் விற்காமல் போன காலத்தில் இவர் அதை அப்படியே கேமுக்குள் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டார், உலகம் பூராவும் பிள்ளைகள் பெயர் தெரியாமலே ப்ராக் கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

நொபுவோ உயெமட்சுவும் அப்படித்தான், கீபோர்டுக்குப் பேர் போன இங்கிலாந்துக் குழு எமர்சன் லேக் அண்ட் பாமரின் ரசிகர். 1994-இல் "ஃபைனல் ஃபேண்டஸி 6" கடைசிச் சண்டைக்கு நான்கு பாகமாக ஓர் இசை எழுதியிருக்கிறார், அந்தக் கால கேம் இயந்திரத்தில் இருந்த சின்னச் சின்ன ஒலிகளை வைத்துக்கொண்டு தேவாலய ஆர்கனையே எழுப்பி இருப்பார். இது ப்ராக் ராக் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முத்துச்சிப்பி:
பிக்சல் தம்பி, அருமை. டேஜா வூ வந்த அதே மேட் இன் ஜப்பான் ரெக்கார்ட்ஸில்தான் எனக்குப் பிடித்தவர்களும் இருக்கிறார்கள். 1980-களின் பாதியில் அந்தச் சின்ன கம்பெனி இல்லாவிட்டால் அவுட்டர் லிமிட்ஸ், பேஜன்ட், மிஸ்டர் சிரியஸ் யாரும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள்.

இதுவரை பேசியதில் பாடகி ஒருவரின் பெயர் கூட வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஹிரோக்கோ நாகாய். பேஜன்டின் "ரதென் கென்சோ" 1986, மிஸ்டர் சிரியஸின் "பேரன் ட்ரீம்" 1987, இரண்டிலும் அவர் குரல்தான். இந்தக் "கென்சோ" மேலே சொன்ன குழு இல்லை, கற்பனை என்று பொருள். "ரதென்" என்றால் அரக்குப் பெட்டிகளில் சிப்பி ஓட்டின் உள்படலத்தைத் துண்டு துண்டாகப் பதித்துச் செய்யும் வேலை. கறுப்பு அரக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பச்சை, ஊதா, வெள்ளி என்று மின்னும். அந்தப் பெயரை ஓர் ஆல்பத்துக்கு வைத்தவர்கள் அதற்குத் தக்கபடிதான் பாடவும் செய்திருக்கிறார்கள்: கீழே கனத்த இருட்டான கிட்டார், மேலே அந்தக் குரல். மிஸ்டர் சிரியஸில் கசுஹிரோ மியதகே புல்லாங்குழலும் வாசிப்பார், கிட்டாரும் வாசிப்பார், கீபோர்டும் வாசிப்பார், நாகாய் அங்கே வேறு ஆளாக, இலை விழுகிற மாதிரி மெல்லப் பாடுவார்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டிஜிட்டல் கீபோர்டு ஒலி சில ஆல்பங்களில் மெலிந்து கிடக்கிறது, பண வசதி இல்லாத பதிவு என்று கேட்டதுமே தெரியும். அதைத் தாண்டிக் கேட்கப் பொறுமை வேண்டும். எனக்கு 3 மாதம் ஆனது.

ஆர்ஸ் நோவாவையும் கேளுங்கள், கெய்கோ குமகாயின் கீபோர்டை நடுவில் வைத்த பெண்கள் குழு, 1992-இல் முதல் ஆல்பம். இடி இடிக்கிற இசை.

இசைத்தட்டுப் பெட்டி:
அம்மா முத்துச்சிப்பி, அந்த "ரதென் கென்சோ" தட்டை வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் வாங்கினேன். மழைக்காலம், அட்டையில் ஈரம் இறங்கி ஓரமெல்லாம் உப்பி வந்து சேர்ந்தது. மேலே சுற்றியிருக்கும் காகிதப் பட்டை, "ஒபி" என்பார்கள், கிமோனோ இடுப்புக் கச்சைக்குச் சொல்லும் அதே சொல், அது மட்டும் இரண்டாகக் கிழிந்து உள்ளே கிடந்தது. மனசு கேட்கவில்லை. பிளாட்டிங் பேப்பர் இடையில் வைத்து, மேலே அகராதியை ஏற்றி, 4 நாள் விட்டேன். அட்டை ஓரளவு நேரானது. தட்டுக்கு ஒரு கீறல் கூட இல்லை. அது போதும்.

ஓசைமணி:
ஃபிளவர் டிராவலின் பேண்டின் "சட்டோரி" இந்தக் கணக்கில் வருமா? 1971, ஐந்து பாகம், அட்டையில் புத்தர். ஹிடேக்கி இஷிமாவின் கிட்டார் நாடோறும் கேட்டாலும் அலுக்காது.

மிஸ்ரசாபு:
ஹெவி சைக்கடெலிக் என்று பிரித்து வைப்பார்கள். எனக்குப் பிரிக்கத் தோன்றவில்லை. இஷிமா பின்னாளில் சிதாரையும் கிட்டாரையும் சேர்த்து "சிதார்லா" என்று ஒரு கருவியே செய்துகொண்டார். "சட்டோரி" கேட்டவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது, அந்த இழுப்பெல்லாம் அப்போதே அவர் விரலில் இருக்கிறது.

கேள்விக்குறி77:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். சொன்னதையெல்லாம் கேட்டேன், ஒழுங்காக, வேறு வேலை பார்க்காமல்.

"பேரலக்ஸ்": கிரிம்சன் இன்னும் தெரிகிறார்கள், அதை நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் "ரான்" தொகுப்பில் ஓர் இடத்தில் எல்லாம் அடங்கித் திரும்ப எழும்போது எனக்குக் கிரிம்சனின் கிட்டார்க்காரர் ராபர்ட் ஃப்ரிப் ஞாபகத்துக்கே வரவில்லை. முடிந்த பிறகுதான் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

கென்சோ: நான் சொன்ன குற்றச்சாட்டு இவர்களுக்குப் பொருந்தாது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். "யுமே நோ ஒகா"வை நேற்று மூன்று முறை கேட்டேன். யார் மாதிரி என்று சொல்ல எனக்குப் பெயர் கிடைக்கவில்லை.

கடைசியாக "ஒமட்சுரி". நான் சின்ன வயதில் ஊரை விட்டு வந்தவன். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை, அந்தத் தலைப்பை இழை தொடங்கியவர் தமிழில் எழுதியிருக்கிறாரே, அதையே இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

ஷிங்கெட்சு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. பெரியவர் சொன்ன அந்த மெலோட்ரான் இடம் எனக்கு ஜெனசிஸாகவே கேட்கிறது.

இசைத்தட்டுப் பெட்டி:
சின்ன ஸ்பீக்கரில் கேட்டீர்களோ? தனியாகக் கேட்க வேண்டாம். ஞாயிறு இரவு இந்திய நேரம் 9 மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் தொடங்குவோமா, அவரவர் வீட்டில், "ஒனி"யிலிருந்து. நான் தட்டைத் துடைத்து வைக்கிறேன்.

மேற்கு ஜன்னல்:
எனக்கு அப்போது நள்ளிரவு 12:30. பரவாயில்லை, இருக்கிறேன்.

மிஸ்ரசாபு:
நானும் இருக்கிறேன்.

கேள்விக்குறி77:
சரி பெரியவரே, ஹெட்போனோடு வருகிறேன். அந்த இடம் வரும்போது இங்கே ஒரு புள்ளி மட்டும் வையுங்கள், நான் சரியாக அதைத்தான் கேட்கிறேனா என்று பார்க்க வேண்டும்.